அடுத்த ஜாப் கார்டை எப்போது இறக்குவது: எம்.ஆர்.பி., கான்பான், கான்விப், டிரம்-பஃபர்-ரோப் ஓர் ஒப்பீடு

உற்பத்தி நிர்வாகத்துக்கு எந்த முறை நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். அதனால் கணக்குக்கென்று ஒரு ஷாப்பை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் ஷாஃப்ட் செய்யும் நடுத்தர மெஷின் ஷாப், மொத்தம் 80 பார்ட் நம்பர். ராடை பேண்ட்சாவில் வெட்டுகிறார்கள். பிறகு ஃபேசிங்-சென்டரிங், சி.என்.சி. டர்னிங், வி.எம்.சி. மில்லிங் மெஷினில் கீவே (சாவிக்கான பள்ளம்). அங்கிருந்து இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு வெளியே ஜாப் ஒர்க் போகிறது. திரும்பி வந்ததும் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங், இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங்.

மொத்த ஷாப்பின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் தடங்கல் (பாட்டில்நெக்) கிரைண்டிங்தான்; அங்கே மெஷின் மூன்று. இரண்டு ஷிஃப்டில் வீல் டிரெஸ்ஸிங், செட்டிங், இடைவேளை எல்லாம் போக மெஷினுக்கு 12.5 மணி நேரம் மிஞ்சுகிறது, ஆக நாளுக்கு 37.5 மணி. ஷாஃப்டுக்குச் சராசரி 5 நிமிடம் என்றால் 450 பீஸ். ஆர்டர் சராசரி நாளுக்கு 400. ஷாப்பிலும் ஜாப் ஒர்க்கிலும் சேர்த்துப் பாதி வேலையில் நிற்கும் சரக்கு, அதாவது விப், 7,200 பீஸ்.

ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: விப்பை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரி லீட் டைம், அதாவது வேலை இறங்கியதிலிருந்து வெளியே வரும் வரை ஆகும் நேரம், வரும். 7,200 வகுத்தல் 400, 18 நாள். ஒரு லாட் எங்கும் வரிசையில் நிற்காமல் போனால், ஹார்டனிங்குக்குப் போய்வரும் 3 நாளையும் சேர்த்து, 5 நாளில் முடிந்துவிடும். மீதி 13 நாளும் டிரேயில் சும்மா கிடக்கிறது. இதைக் குறைக்க வேண்டும், டெலிவரியும் தவறக் கூடாது. அதற்கு நிர்வாகத்தின் கையில் உள்ள முக்கியமான ஒரே குமிழ், அடுத்த ஜாப் கார்டை (ஒரு லாட்டைத் தொடங்கச் சொல்லும் சீட்டை) எப்போது இறக்குவது என்பது. மெஷினை வேகமாக ஓட்டுவதும் ஓவர்டைம் போடுவதும் அதற்கு அடுத்தபடிதான்.

பிராசஸ் கண்ட்ரோல் ஆள் ஒருவரிடம் இந்தப் பிரச்சினையைக் கொடுத்தால் மூன்று கேள்வி கேட்பார். எதை அளக்கிறீர்கள்? எதைத் திருப்புகிறீர்கள்? திருப்பியதன் விளைவு தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது? உற்பத்தியை ஒரு சர்வோ (விளைவை அளந்து தானே திருத்திக்கொள்ளும் கருவி) மாதிரி பார்த்து இப்படிக் கேட்கலாம் என்று ஹெர்பர்ட் சைமன் 1952-லேயே எழுதிவிட்டார். மென்பொருள் விற்பவர் காட்டும் திரைகளைவிட இந்த மூன்று கேள்விக்கான பதில்தான் நான்கு முறைகளையும் சரியாகப் பிரித்துக் காட்டும்.

எம்.ஆர்.பி.: கடிகாரம் பார்த்து இறக்குவது

டெலிவரி தேதியிலிருந்து லீட் டைமைக் கழித்து, வரும் தேதியில் கார்டு போடுவது எம்.ஆர்.பி. (மெட்டீரியல் ரிக்வயர்மெண்ட்ஸ் பிளானிங்). ஈ.ஆர்.பி. மென்பொருளில் செய்தாலும் பி.பி.சி. (உற்பத்தித் திட்டமிடல் பிரிவு) மேஜையில் எக்ஸெலில் செய்தாலும் வேலை ஒன்றுதான். கண்ட்ரோல் மொழியில் இது முன்னூட்டம். ஷாப்பின் நிலையை அளக்காமல், ஷாப் இப்படித்தான் நடக்கும் என்ற கணிப்பை நம்பி இறக்குகிறோம்.

அந்தக் கணிப்பில்தான் ஓட்டை. லீட் டைம் என்பது மாஸ்டரில் (சிஸ்டத்தின் அடிப்படைப் பட்டியலில்) பதிந்து வைத்த நிலையான எண். உண்மையான லீட் டைமோ விப்பைப் பொறுத்து மாறுவது. மாஸ்டரில் 18 நாள் இருக்கிறது, பத்து ஆர்டர் தாமதமாகிறது, பி.பி.சி. அதை 22 ஆக்குகிறது என்று வையுங்கள். உடனே நான்கு நாள் வேலை, அதாவது 1,600 பீஸ், முன்கூட்டியே ஷாப்பில் இறங்கும். விப் 8,800 ஆகும். கிரைண்டிங் அதே 400-தான் தள்ளும். லீட் டைம் 22 நாள் ஆகிவிடும். "பார்த்தீர்களா, 22 போட்டது சரிதான்" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த தாமதத்துக்கு 25. தவறைத் திருத்த வேண்டிய சுற்று தவறையே ஊட்டி வளர்க்கிறது.

இன்னொரு ஆபத்து கெப்பாசிட்டியின் விளிம்பில் இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரம், பளு விகிதத்தை மீதி இருக்கும் இடத்தால் வகுத்த அளவில் ஏறும். கிங்மேன் 1961-ல் கொடுத்த சூத்திரத்தின் முக்கியப் பகுதி இதுதான். 450-ல் 400 என்றால் பளு 0.89, காத்திருப்புக் காரணி 8. பிளானில் 430 இறங்கினால் காரணி 21.5. முப்பது பீஸ் கூடியதற்குக் காத்திருப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். (இது ஒற்றை மெஷினுக்கான கணக்கு. மூன்று மெஷின் பொதுவாக வேலையைப் பகிர்ந்தால் எண்கள் குறையும், வளைவு இதே போலத்தான் ஏறும்.) எம்.ஆர்.பி.க்கு 450 என்ற கெப்பாசிட்டியைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு ஆபரேட்டர் லீவு போட்டால், ஒரு ஸ்பிண்டில் சூடானால் அது 410 ஆகிவிடும். எந்த நாளும் உறுதியாகத் தெரியாத எண்ணை நம்பிக் கட்டிய முறை இது.

அதற்காக எம்.ஆர்.பி.யைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்த விட்டத்து ராடு எத்தனை டன், எந்த வாரம் வேண்டும் என்று சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. ராடு வாங்க வாரக்கணக்கில் ஆகும்போது முன்னூட்டம் இல்லாமல் முடியாது. வாங்குவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம், ஷாப்பில் இறக்குவதற்கு வேண்டாம்.

கான்பான்: 80 பார்ட்டுக்கு ஒத்துவருமா?

டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ வளர்த்த முறை. அடுத்த ஸ்டேஜ் ஒரு பின்னைக் (பார்ட் வைக்கும் பெட்டி) காலி செய்தால் கார்டு முந்தைய ஸ்டேஜுக்குப் போகும், அவர்கள் அந்த ஒரு பின்னை மட்டும் நிரப்புவார்கள். அளப்பது காலி பின், திருப்புவது அந்த ஸ்டேஜின் உற்பத்தி, தாமதம் மிகக் குறைவு. சின்னச் சின்ன பின்னூட்டச் சுற்றுகள் சங்கிலியாக நிற்கின்றன.

கார்டு எண்ணிக்கை: நாள் தேவை பெருக்கல் நிரப்பும் நாள் பெருக்கல் (1 + பாதுகாப்பு), வகுத்தல் பின் கொள்ளளவு. நாளுக்கு 120 ஓடும் ஒரு ஷாஃப்ட், நிரப்ப 2 நாள், பாதுகாப்பு 20 சதவீதம், பின்னுக்கு 24 பீஸ் என்றால் 12 கார்டு. இப்படிப் பட்ட ஓடும் பார்ட்டுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

நம் ஷாப்பில் இருப்பதோ 80 பார்ட், வெட்டு முதல் கிரைண்டிங் வரை ஆறு ஸ்டேஜ். கான்பான் கார்டு பார்ட் நம்பருக்குக் கட்டுப்பட்டது, எனவே ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒவ்வொரு ஸ்டேஜிலும் குறைந்தது இரண்டு பின் நிற்க வேண்டும். 80 × 6 × 2 × 24 = 23,040 பீஸ். இப்போது இருக்கும் 7,200-ஐக் குறைக்க வந்த முறை அதை மூன்று மடங்குக்கு மேலாக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஓடும் பார்ட்டும் எல்லா ஸ்டேஜிலும் இரண்டு பின்னோடு தூசி படிந்து காத்திருக்கும். கான்பான் ஓடவில்லை என்று கைவிட்ட இடங்களில் ஆட்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்வது வழக்கம். பல இடங்களில் இந்தப் பெருக்கலை முன்பே போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

தேவை சமமாக வர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. டொயோட்டா கடைசி அசெம்ப்ளியை நாளுக்கு நாள் சமன்படுத்திய பிறகுதான் பின்னால் கார்டு சீராக ஓடியது. மாதக் கடைசி வாரத்தில் பாதி டெஸ்பாட்ச் கேட்கும் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு அந்தச் சமன் கிடைக்காது.

கான்பானுக்கு இந்த ஷாப்பில் வேறு இடம் இருக்கிறது: இன்சர்ட் (டர்னிங் டூலின் வெட்டும் முனை), கூலண்ட், கிரைண்டிங் வீல், பேக்கிங் பெட்டி. ஸ்டோர்ஸில் இரண்டு பின் வைத்து, ஒன்று காலியானால் ஆர்டர். அதைச் செய்யாத ஷாப், இன்சர்ட் இல்லாமல் டர்னிங் நிற்பதை "மெஷின் பிரேக்டவுன்" கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும்.

கான்விப்: மொத்தத்தை மட்டும் பிடித்துவைப்பது

ஸ்பியர்மேன், வுட்ரஃப், ஹாப் மூவரும் 1990-ல் எழுதிய முறை. பெயர் கான்ஸ்டன்ட் விப், அதாவது மாறாத விப், என்பதன் சுருக்கம். ஷாப் முழுவதற்கும் ஒரே சுற்று. ஒரு லாட் டெஸ்பாட்சுக்குப் போனால் அதன் கார்டு முதல் ஸ்டேஜுக்குத் திரும்பும், பிளான் வரிசையில் அடுத்து நிற்கும் எந்தப் பார்ட்டையும் அது உள்ளே விடும். கார்டு பார்ட்டுக்குக் கட்டுப்படாததால் 80 பார்ட் என்றாலும் 300 என்றாலும் கவலை இல்லை. எதை இறக்குவது என்று எம்.ஆர்.பி. சொல்லும், எப்போது என்பதைத் திரும்பி வரும் கார்டு சொல்லும். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டாரை மணி பார்த்துப் போடுவதற்கும் ஃப்ளோட் சுவிட்ச் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் எம்.ஆர்.பி.க்கும் இதற்கும்.

இதன் பலம் எங்கே என்று தெளிவாகப் பார்க்க வேண்டும். விப்பை நேரில் போய் எண்ணலாம், கெப்பாசிட்டியைக் கணிக்கத்தான் முடியும். விப் அளவை 10 சதவீதம் தவறாக வைத்தால் வெளியேறும் வேகம் கொஞ்சம்தான் மாறும், ஏனென்றால் விப்புக்கு எதிரே வெளியேறும் வேகத்தை வரைந்தால் அந்த இடத்தில் வளைவு கிட்டத்தட்ட தட்டை. இறக்கும் வேகத்தை 10 சதவீதம் தவறாக வைத்தால், 450-க்குப் பதில் 495 இறங்கி நாளுக்கு 45 பீஸ் வீதம் சேர்ந்துகொண்டே போகும், தானாக நிற்காது.

அளவை எங்கே வைப்பது? கிரைண்டிங் வேகத்தை, வரிசையில் நிற்காமல் போனால் ஆகும் 5 நாளால் பெருக்கினால் 450 × 5 = 2,250. ஏற்ற இறக்கமே இல்லாத உலகில் இவ்வளவு போதும். நிஜ ஷாப்பில் அதைப் போல் ஒன்றரை மடங்கு நல்ல தொடக்க இலக்கு, ஏறக்குறைய 3,400. அப்போது லீட் டைம் 3,400 ÷ 400 = 8.5 நாள்.

பீஸை எண்ணுவதில் ஒரு குறை உண்டு. 2 நிமிட ஷாஃப்டும் 11 நிமிட ஷாஃப்டும் ஒன்றாகிவிடும். நீள ஷாஃப்ட் அதிகம் இறங்கிய வாரம் எண்ணிக்கை சரியாக இருந்தும் கிரைண்டிங் முன்னால் மலை குவியும். எனவே கார்டில் பீஸுக்குப் பதில் கிரைண்டிங் நேரத்தை எழுதுவது மேல். 3,400 பீஸ் × 5 நிமிடம், சுமார் 285 மணி. ஷாப்பில் மொத்தம் 285 கிரைண்டிங் மணிக்கு மேல் வேலை இருக்கக் கூடாது என்பதே விதி.

டிரம்-பஃபர்-ரோப்

எலியாஹு கோல்ட்ராட்டின் முறை, சுருக்கமாக டி.பி.ஆர். தடங்கல் மெஷின்தான் தாளம் போடும் டிரம். அதன் முன்னால் நேரக் கணக்கில் ஒரு பஃபர். அது வேலையை உண்ணும் வேகத்திலேயே முதல் ஸ்டேஜில் வேலை இறங்கும், அதுதான் கயிறு. இறக்கியதிலிருந்து கிரைண்டிங் வாசலுக்கு வர இப்போது 14 நாள் ஆகிறது என்றால், பாதியாக 7 நாளில் தொடங்குவது வழக்கம். அதை மூன்றாகப் பிரித்து, கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்தும் இன்னும் வாசலுக்கு வராத லாட்டைச் சிவப்பாகக் குறிக்கிறார்கள். சூப்பர்வைசர் சிவப்பை மட்டும் துரத்தினால் போதும்.

சிவப்புகளுக்குக் காரணம் எழுதி வைப்பதுதான் இந்த முறையின் உண்மையான சொத்து. ஒரு மாதக் காரணத் தாளைப் பார்த்தால் பாதிச் சிவப்பு "ஹார்டனிங்கிலிருந்து வரவில்லை" என்று இருப்பது தெரியும், எங்கே கை வைக்க வேண்டும் என்றும் தெரியும். கான்விப் எடுப்பவர்களும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

கான்விப்போடு ஒப்பிட்டால், நம் ஷாப்பில் கிரைண்டிங்குக்குப் பிறகு இன்ஸ்பெக்‌ஷனும் பேக்கிங்கும் மட்டுமே, ஒரு நாள் வேலை. சிக்னலை டெஸ்பாட்சிலிருந்து எடுத்தாலும் கிரைண்டிங்கிலிருந்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. தடங்கலுக்குப் பிறகு நீளமான சங்கிலி இருந்தால்தான் டி.பி.ஆர். தெளிவாக முந்தும். மாறாக, பார்ட் கலவை மாறும்போது தடங்கல் ஒரு வாரம் கிரைண்டிங்கிலும் அடுத்த வாரம் வி.எம்.சி.யிலும் இருந்தால் டிரம் எது என்ற சண்டையிலேயே வாரம் போய்விடும். அங்கே கான்விப்தான். எந்த முறை எடுத்தாலும் கிரைண்டிங்குக்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வையுங்கள். ஏற்கெனவே கீவே அளவு தப்பிய ஷாஃப்டைக் கிரைண்ட் செய்யும் ஐந்து நிமிடம் திரும்பி வராது.

தாமதத்தை மறந்தால் எந்த முறையும் ஆடும்

நான்கு முறைக்கும் பொதுவான நோய் இது. இன்று இறக்கிய வேலை 8 நாளுக்குப் பிறகுதான் வெளியே வரும். ஆனால் திருத்தம் தினமும் காலை மீட்டிங்கில் நடக்கிறது. டெஸ்பாட்ச் ஸ்டாக் 900 பீஸ் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் 900-ஐயும் இன்றே கூடுதலாக இறக்கச் சொல்வார். நாளைக்கும் குறை அப்படியே இருக்கும், இன்னொரு 900. ஒரு வாரத்தில் ஷாப் அடைத்துக்கொள்ளும், பிறகு மூன்று வாரம் எதையும் இறக்காதே என்ற உத்தரவு வரும்.

சரியான கணக்கு: சராசரித் தேவை, கூட்டல் ஸ்டாக் குறை வகுத்தல் திருத்த நாள், கழித்தல் விப் மிகை வகுத்தல் அதே திருத்த நாள். திருத்த நாளை லீட் டைமை ஒட்டி 9 என்று வைப்போம். ஸ்டாக் குறை 900, விப் இலக்கைவிட 450 அதிகம். 400 + 100 − 50 = 450. கிரைண்டிங்கால் சரியாகத் தாங்க முடிந்த எண். கடைசி உறுப்பை மறந்தால் 500 வரும், நாளுக்கு 50 வீதம் விப் ஏறும். ஏற்கெனவே இறக்கிவிட்டு வழியில் இருப்பதைக் கணக்கில் எடுக்காததுதான் பெரும்பாலான ஊசலாட்டத்துக்குக் காரணம். கான்விப்பில் இந்த உறுப்பு முறைக்குள்ளேயே இருக்கிறது, மறக்க வழியில்லை. அதை மேலே வைப்பதற்கு எங்களுக்குப் பெரிய காரணமே இதுதான்.

எந்த ஏற்ற இறக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அடுத்தது. ஷுவார்ட் 1924-ல் கொடுத்த கண்ட்ரோல் சார்ட் இங்கே நன்றாக உதவும். நாள் உற்பத்தியை எழுதுங்கள், அடுத்தடுத்த நாள்களின் வித்தியாசத்தின் சராசரியை எடுங்கள். அது 35 என்றால் 2.66-ஆல் பெருக்க 93. சராசரி 400 என்றால் எல்லை 307-லிருந்து 493. நேற்று 320 வந்ததற்காக யாரையும் நிற்கவைத்துக் கேட்க வேண்டியதில்லை, அது ஷாப்பின் இயல்பான ஆட்டம். ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும் முழுத் திருத்தம் செய்தால் ஆட்டம் குறையாது. ஒன்றையொன்று சாராத ஏற்ற இறக்கமாக இருந்தால், பரவல் வர்க்கம் சரியாக இரட்டிப்பாகும்.

இந்த ஷாப்புக்கு எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது

வாங்க எம்.ஆர்.பி., இறக்க கிரைண்டிங் மணியில் கான்விப், இன்சர்டுக்கும் பேக்கிங்குக்கும் இரண்டு பின். 80-ல் ஐந்தாறு பார்ட் தினமும் ஓடினால் அவற்றுக்கு மட்டும் முழு கான்பான். பார்ட் இருபதுக்குள், தேவையும் சமம் என்றால் முடிவு கான்பான் பக்கம் சாயும்.

முதல் வேலை வார விடுமுறையில் கையால் எண்ணுவது. சிஸ்டம் விப்பை நம்ப வேண்டாம். ரிஜெக்‌ஷன் எழுதாமல் விட்டதும், ஜாப் ஒர்க்கில் குறைந்து வந்ததும் அதில் இருக்கும். எண்ணியதைக் கிரைண்டிங் மணியாக மாற்றினால் 7,200 பீஸுக்கு 600 மணி. ஐந்து மணிக்கு ஒரு கார்டு என்று 120 கார்டு அடித்து, இருக்கும் லாட்களுடனேயே கட்டிவிடுங்கள். முதல் நாள் எதுவும் மாறாது, மாறவும் கூடாது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து சதவீதக் கார்டை எடுங்கள்: 108, 97, 87, 78, 70, 63, 57. ஏழு படி, பதினான்கு வாரம். கடைசிப் படி 285 மணி. அவசரப்பட்டு ஒரே நாளில் பாதியை எடுத்தால் முதல் ஸ்டேஜ்கள் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா இருக்கும், முதலாளியே முறையை நிறுத்திவிடுவார். வேலை இல்லாமல் கிரைண்டிங் நின்ற நேரத்தை மட்டும் தனியாக எழுதுங்கள். அது வாரத்துக்கு இரண்டு மூன்று மணியைத் தாண்டினால் ஒரு படி ஏறி நின்று, காரணத்தைத் தேடுங்கள்.

பெரும்பாலும் காரணம் ஹார்டனிங் வண்டியாக இருக்கும். வண்டி நிறையட்டும் என்று மூன்று நாளுக்கு ஒரு முறை 1,200 பீஸ் அனுப்பினால், ஒரு பீஸ் சேரும் இடத்தில் சராசரி 1.5 நாள் காத்திருக்கிறது. திரும்பி மொத்தமாக வரும்போது கிரைண்டிங் வாசலில் இன்னொரு 1.3 நாள். தினமும் 400 அனுப்பினால் இரண்டும் மூன்றில் ஒரு பங்காகும், ஏறக்குறைய 1.9 நாள் மிச்சம். நாளுக்கு 400 என்ற கணக்கில் அது சுமார் 750 பீஸ் விப். கூடுதல் வண்டி வாடகையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்றுதான் அடிக்கடி வரும். டர்னிங் ஆபரேட்டர் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சூப்பர்வைசர் கார்டு இல்லாமல் ஒரு லாட்டை ஏற்றுவார். டர்னிங்கின் செயல்திறனைத் தனியாக அளந்து இன்சென்டிவ் கொடுக்கும் வரை இது நிற்காது. இன்சென்டிவைக் கிரைண்டிங் வெளியீட்டோடு கட்டுங்கள். இரண்டாவது, ஹோல்டில் கிடக்கும் லாட். டிராயிங் சந்தேகத்தில் மூன்று வாரம் நிற்கும் லாட்டும் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்படி எட்டு லாட் சேர்ந்தால் ஷாப் மெல்ல மூச்சுத் திணறும். மூன்று நாளுக்கு மேல் ஹோல்ட் என்றால் சரக்கைச் சிவப்பு ரேக்கில் பூட்டி, கார்டைக் கழற்றிவிட்டு, குவாலிட்டி மேனேஜர் கையெழுத்தோடு பட்டியலில் ஏற்றலாம். திரும்ப உள்ளே வரும்போது புதுக் கார்டு வாங்கித்தான் வர வேண்டும். மூன்றாவது, அவசர ஆர்டர். கார்டு வரம்புக்கு மேல் அதைச் சேர்க்காமல், இன்னும் வெட்டாத ஒரு லாட்டின் கார்டை எடுத்து அதற்குக் கொடுங்கள். எந்த ஆர்டர் பின்னால் தள்ளப்பட்டது என்று அந்தக் கார்டிலேயே எழுதி, மார்க்கெட்டிங் ஆளிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "அர்ஜென்ட்" என்ற சீட்டு அதோடு பெரும்பாலும் குறைந்துவிடும்.